மூடியில் இருந்த பல் தடம்

எல்லாருக்கும் வணக்கம். நாவல் எழுதுகிறவனை மேடையேற்றினால், "இதெல்லாம் நிஜமா நடந்ததா சார்?" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நடந்ததுதான் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு தைரியம் இல்லை.

என் முதல் நாவலில் ஒரு பையன்மேல் பேனா திருடியதாகப் பழி விழும். பச்சை மூடி போட்ட மைப்பேனா. மூடியின் நுனியில், யாரோ கடித்துக் கடித்துப் பதிந்த பல் தடம். வகுப்பே பார்க்க அந்தப் பையன் பெஞ்சுமேல் ஏறி நிற்பான். அது நான்தான் என்று பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஓரிரு இடங்களில் கண்கூடக் கலங்கியிருக்கிறது, அது நடிப்பில்லை.

போன வருஷம் பழைய வகுப்புத் தோழன் ஒருவன் நாவலைப் படித்துவிட்டுப் போன் செய்தான். நன்றாக இருக்கிறது என்றான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஆனா பெஞ்சுல நின்னது நான்டா. என் பையிலேர்ந்து பேனாவ எடுத்து சார்கிட்ட நீட்டினது நீ" என்றான். குரலில் கோபமே இல்லை. அச்சுப்பிழையைச் சொல்வதுபோலச் சொன்னான்.

1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல் மட்டும் வேறு. 50 பேரிடம் 'இடித்தபோது', இன்னொரு 50 பேரிடம் 'நொறுங்க மோதியபோது' என்கிற மாதிரி. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டால், முதல் குழுவில் 7 பேர் பார்த்தோம் என்கிறார்கள், இரண்டாவதில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வினைச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதானே என் பிழைப்பு? அந்தப் பேனாக் காட்சியைப் பத்துத் தடவையாவது திருத்தியிருப்பேன். ஒவ்வொரு திருத்தத்திலும் பையன் இன்னும் கொஞ்சம் பாவமானான், நானும் இன்னும் கொஞ்சம் அவனானேன். ஆனால் சோதனையைக் காட்டி மட்டும் தப்பிக்க முடியவில்லை. இல்லாத கண்ணாடியைப் பார்த்ததாக நினைப்பதில் அந்த மாணவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. எனக்கு இருந்தது.

அவன் சொல்வதும் ஞாபகம்தானே, அவனுக்கும் பிசகியிருக்கலாமே என்று வாதாடிப் பார்த்தேன். வக்கீல் புத்தி. அந்தப் பல் தடம்தான் இடிக்கிறது. தலைகுனிந்து பெஞ்சுமேல் நிற்கிறவனுக்கு அது எங்கே தெரியும்? பேனாவைக் கையில் வைத்திருந்தவனுக்குத்தான் தெரியும்.

இப்போது அதே காட்சியை, நீட்டியவன் பக்கமிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பையைத் திறக்கிற இடம் வரை வந்தாயிற்று. பேனா அதற்குள்தான் இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? இரண்டு மாதமாக அந்த வரியிலேயே நிற்கிறேன்.