ஆட்டம் முடிந்த பிறகும் ஓர் அணி

அவைத்தலைவர் அவர்களே, இந்த வட்டாரத்தில் விளையாட்டுக் குழுக்களை நடத்தி வரும் பொறுப்பாளர்களே, பயிற்சியாளர்களே, பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பி வைக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

விளையாட்டு மக்களை ஒன்று சேர்க்கும் என்று எல்லாத் தொடக்க விழாக்களிலும் சொல்கிறோம். நானும் அதை முழுமனதோடு நம்புகிறவன். ஆனால் பந்தை உருட்டிவிட்டால் அது தானாக நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. யார் யாரோடு ஒரே பக்கம் நின்று ஆடுகிறார்கள், ஆட்டத்தின் நடுவே தண்ணீரை எந்தக் குவளையில் குடிக்கிறார்கள், அணித்தலைவர் பொறுப்பு யார் கைக்குப் போகிறது என்பவற்றைப் பொறுத்துத்தான் அது நடக்கும், அல்லது நடக்காமல் போகும். இதை நம் நாட்டுக் கிரிக்கெட் வரலாற்றிலேயே மிகத் தெளிவாகப் பார்க்கலாம்.

பல்வாங்கர் பாலு என்ற பெயர் இங்குள்ள இளைஞர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர் என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு சாதியில் பிறந்த அவர், 1890-களில் பூனாவில் ஆங்கிலேயர்களின் கிரிக்கெட் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். ஆடுகளத்தைப் பெருக்குவது, உருளை இழுப்பது, வலை கட்டுவது, கோடு போடுவது ஆகியவைதான் அவருடைய வேலை. இடையிடையே வலைப்பயிற்சியில் அதிகாரிகளுக்குப் பந்து வீசவும் சொன்னார்கள். ஜே. ஜி. கிரெய்க் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய மட்டையாளர் அவருடைய இடதுகைச் சுழற்பந்தை எதிர்கொண்டே தம் ஆட்டத்தைக் கூர்மையாக்கிக்கொண்டார். பாலு அவ்வளவு வீசியும், அந்தக் கிளப்பில் அவர் கையில் ஒருமுறைகூட மட்டையைக் கொடுக்கவில்லை.

பூனாவின் இந்து அணி ஆங்கிலேயர்களை வெல்ல விரும்பியது. அதற்கு பாலு தேவைப்பட்டார். அவரைச் சேர்க்கலாமா என்று பெரிய விவாதம் நடந்து, ஒருவழியாகச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் வீசிய பந்தை மேல்சாதி வீரர்கள் எடுத்துத் திருப்பி எறிந்தார்கள். ஆனால் தேநீர் இடைவேளை வந்ததும் அவர்கள் உள்ளே போய்ப் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலுவுக்குத் தேநீர், குடித்துவிட்டு எறிந்துவிடக்கூடிய மண்குவளையில், கட்டடத்துக்கு வெளியே தரப்பட்டது. உணவும் தனியே, தனித் தட்டில். சாத்தாராவில் வெள்ளையர்கள் மட்டுமே உறுப்பினர்களான ஒரு கிளப் அணியை எதிர்த்து அவர் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த வெற்றியைக் கொண்டாடிய ஊரில்தான் அந்த மண்குவளையும் இருந்தது.

பின்னர் பாலு பம்பாய்க்கு வந்தார். அங்கே இந்து ஜிம்கானா என்ற விளையாட்டுக் கிளப்பில் நிலைமை மெல்ல மாறியது. அணியினரோடு ஒன்றாக அமர்ந்து உண்ணும் நிலை வந்தது. அவருடைய தம்பி சிவராமும் அணியில் சேர்ந்தார். 1906-இல் அந்த அணி பம்பாயில் ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களில் வென்றபோது, ஒன்றாக உண்டவர்கள் ஒன்றாக வென்றார்கள் என்பதைச் சமூகச் சீர்திருத்தத்தில் அக்கறை கொண்டவர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் பாலு 114 விக்கெட்டுகள் எடுத்தார். அந்த அணியில் அவருக்கு நிகராகப் பந்து வீசியவர் எவருமில்லை. அவர் நாடு திரும்பியபோது நடந்த பாராட்டு நிகழ்ச்சியில் பங்கெடுத்தவர்களில் இளைஞர் அம்பேத்கரும் ஒருவர்.

இத்தனைக்குப் பிறகும் அவரை அணித்தலைவராக்க மனம் வரவில்லை. ஆண்டுதோறும் கோரிக்கை எழுந்தது, ஆண்டுதோறும் அது தள்ளிப் போனது. 1920-ஆம் ஆண்டுக் கிரிக்கெட் தொடரில் பாலுவின் மற்றொரு தம்பியும் சிறந்த மட்டையாளருமான விட்டலுக்குத் தலைமை மறுக்கப்பட்டபோது, விட்டலும் சிவராமும் வெளிப்படையாக அறிக்கை விடுத்து அணியிலிருந்து விலகினார்கள். திறமையால் வர வேண்டிய பொறுப்பைச் சாதி தடுக்கிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம். அந்த விலகலைப் பொதுமக்கள் பேசினார்கள், பத்திரிகைகள் பேசின. வெளியே தீண்டாமைக்கு எதிரான குரல் வலுத்துக்கொண்டிருந்த காலம் அது. அதே தொடரின் இறுதிப் போட்டிக்குச் சகோதரர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள், பாலு துணைத்தலைவரானார். 1923-இல் விட்டல் தலைவரானார், அணி கோப்பையை வென்றது, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பந்தைத் தொடுவதிலிருந்து ஒன்றாக உண்ணும் நிலைக்கு வரவே ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. அங்கிருந்து அணித்தலைவர் பொறுப்புக்கு வர இன்னொரு பதினேழு ஆண்டு ஆயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்தது. விளையாட்டு அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு வலுவைத் தந்தது, ஏனென்றால் விக்கெட் கணக்கை யாராலும் மறைக்க முடியாது. அதற்கு மேல் விளையாட்டு தானாக எதையும் செய்துவிடவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தத் தொடரே ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்று மதவாரியாகப் பிரிக்கப்பட்ட அணிகளின் தொடர். இந்து அணிக்குள்ளே சாதியின் சுவர் கொஞ்சம் தாழ்ந்தபோது, அணிகளுக்கு நடுவே மதத்தின் சுவர் அப்படியே நின்றது. விளையாட்டிலும் வகுப்புவாதப் பிரிவினை வேண்டாம் என்று 1940-இல் காந்தியடிகள் சொன்னார். 1946-இல் அந்தத் தொடர் நின்றுபோனது.

எனவே ஒரே மைதானத்தில் ஆடுவதும் ஒரே அணியில் ஆடுவதும் ஒன்றல்ல. இதை அண்மைக்கால ஆய்வொன்று அளந்தே காட்டியிருக்கிறது. பொருளியலாளர் மாட் லோ உத்தரப் பிரதேசத்தின் கிராமப்புறத்தில் வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களை ஆய்வில் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரை வைத்துக் கிரிக்கெட் லீக் போட்டிகளை நடத்தினார். யார் எந்த அணியில் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்ததால், சிலருக்குப் பிற சாதியினர் தோழர்களாக அமைந்தார்கள், சிலருக்கு எதிரணியினராக அமைந்தார்கள். ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு கூடியது. தன் சாதிக்காரருக்கே சலுகை காட்டும் போக்கு குறைந்தது. எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடையே பெரும்பாலும் நெருக்கம் குறைந்தது. மொத்தத்தில் அந்த லீக் நன்மையே செய்தது என்றாலும், நன்மை வந்த வழி எது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இராக்கிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. ஐ.எஸ். அமைப்பின் வன்முறையால் ஊரை விட்டு விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில், சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தும் சிலவற்றில் சேர்க்காமலும் சல்மா மூசா என்ற ஆய்வாளர் ஒரு லீக்கை நடத்தி, அதன் முடிவை 2020-இல் வெளியிட்டார். கலப்பு அணியில் ஆடிய கிறிஸ்தவ வீரர்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள். அடுத்த பருவத்துக்கும் கலப்பு அணியிலேயே பெயர் கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசூல் நகரில் ஓர் உணவகத்துக்குப் போய்ச் சாப்பிடுவது போன்ற, மைதானத்துக்கு வெளியே உள்ள பழக்கங்களில் பெரிய மாற்றம் தென்படவில்லை. உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவர்களிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. ஆயினும் மைதானத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி நட்பை நடத்திச் செல்ல யாராவது தனியே முயற்சி எடுக்க வேண்டும் என்பதே பூனா நமக்குச் சொல்வதும், மோசூல் நமக்குச் சொல்வதும்.

ஏற்பாட்டைச் சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிறப்பு ஒலிம்பிக் அமைப்பின் ஒருங்கிணைந்த விளையாட்டுகளைக் காட்டுவேன். யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1968-இல் சிகாகோவில் தொடங்கி வைத்த இயக்கம் அது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் முறையைப் பின்னாளில் அது வகுத்தது. கூடைப்பந்தில் களத்தில் நிற்கும் ஐவரில் மூவர் குறைபாடு உள்ளவர்கள், இருவர் இல்லாதவர்கள். பதினொருவர் ஆடும் கால்பந்தில் ஆறு பேரும் ஐந்து பேரும். வயதும் திறனும் ஓரளவு ஒத்தவர்களைத்தான் அணியில் சேர்க்க வேண்டும். குறைபாடு இல்லாத துணைவீரர் ஒருவரே பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைபாடு உள்ள பிள்ளை கோல் போடும் வாய்ப்பை விதி காப்பாற்றுகிறது, பிறரின் இரக்கம் அல்ல. பெருந்தன்மையை நம்பி விட்டிருந்தால், அவனுக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும், பந்து கிடைத்திருக்காது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பொங்கல் விளையாட்டுப் போட்டியில் தெருவுக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி என்று பெயர் கொடுக்கிறோம். நம் ஊர்களில் தெரு என்பது பெரும்பாலும் சாதி. சில இடங்களில் மதம். அப்படியானால் அந்தப் போட்டியில் பிற சாதிப் பையனை நம் பையன் எதிரணிக்காரனாக மட்டுமே சந்திக்கிறான். கபடியில் ஒரு தவறான தீர்ப்பு, ஒரு கேலி, அவ்வளவுதான், மைதானத்துச் சண்டை இரவில் ஊர்ச் சண்டையாகிறது. சட்டையின் நிறத்திலும் அணியின் பெயரிலும் சாதி அடையாளம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பள்ளிகளில் சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு அவர்களின் குழு 2024-இல் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றுக்குச் சொன்னது நம் மைதானத்துச் சட்டைக்கும் பொருந்தும்.

வழக்கமான பொங்கல் போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு வெளியே, கோடை விடுமுறையில் ஆறு வாரம் நடக்கும் ஒரு லீக்கைத் தொடங்குங்கள் என்று கேட்கிறேன். ஒரே நாளில் முடியும் போட்டியில் தோழமை வளர நேரம் இராது. அணியாகப் பெயர் கொடுக்கும் முறையை விட்டு, ஆளாளுக்குத் தனியே பெயர் வாங்குங்கள். நன்றாக ஆடுபவர்கள், ஓரளவு ஆடுபவர்கள், இப்போதுதான் தொடங்குபவர்கள் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சீட்டுக் குலுக்கி அணிகளை அமையுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் அவ்வாறே லீக் வேண்டும். அவர்களுக்குக் காலை நேரத்தையும் நல்ல மைதானத்தையும் முதலில் ஒதுக்குங்கள், மிச்சம் இருப்பதை அல்ல. அணித்தலைவர் பொறுப்பு வாராவாரம் மாறட்டும். ஒரே குடம், ஒரே குவளை வரிசை, ஒரே பந்தி. வெளியூர் ஆட்டத்துக்கு ஒரே வேனில் போகட்டும்.

பையன்கள் இதற்கு எளிதில் உடன்படுவார்கள். தயங்குகிறவர்கள் பெரும்பாலும் நாம், பெரியவர்கள்தான். எந்த வீட்டில் தயக்கம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு விட்டுவிடாமல், அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசுங்கள். மறுத்தால் மறுவாரமும் போங்கள். லீக் தொடங்கியதும் அந்த வீட்டுப் பெரியவரையே மைதானத்துக்கு அழைத்து வந்து, மதிய உணவுப் பந்தியில் பரிமாறும் பொறுப்பை அவர் கையில் கொடுங்கள்.