காத்து நுழையாத வீட்டுக்குச் சன்னல் வந்த கதை

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். பழைய மாளிகைக்குப் பெருமை கட்டடக் கலையாலா, வாழ்ந்தவங்களாலா? வாழ்ந்தவங்களாலதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் மெரினா ஐஸ் ஹவுஸைப் பத்தி அழகாப் பேசினார். 1963-ல விவேகானந்தர் இல்லம்னு பேர் வச்சும் நாம ஐஸ் ஹவுஸ்னே கூப்பிடுறோமே, அந்த வீடு. வட்டமா வளைஞ்ச முகப்பு, உச்சியில அன்னாசிப்பழம் மாதிரி கலசம்... எல்லாம் சரி. போற போக்குல ஒரு குத்து விட்டார் பாருங்க: "விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினதுக்கே அந்த வீட்டுக்குப் பெருமைன்னா, ஊர்ல இருக்கிற லாட்ஜுக்கெல்லாம் மாலை போடணுமே!" நீங்களும் கை தட்டினீங்க. அண்ணனுக்குப் பதில் சொல்லாம நான் இந்த மேடையை விட்டு இறங்குறதா இல்ல.

அண்ணே, அந்தக் கட்டடம் எதுக்குக் கட்டினது? 1842 வாக்குல, பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் ஐஸ் வைக்கிறதுக்காகக் கட்டினது. அமெரிக்க ஏரியில உறைஞ்ச ஐஸை அறுத்து, மரத்தூளுக்குள்ள பொதிஞ்சு, நாலு மாசம் கப்பல்ல கொண்டு வந்தாங்க. 1833-ல கல்கத்தாவுக்கு அனுப்பின முதல் கப்பல்ல ஏத்தினது 180 டன். கரைஞ்சது போக வந்து சேர்ந்தது சுமார் 100 டன். இவ்வளவு பாடுபட்டு வந்த ஐஸுக்கு எப்படி வீடு கட்டுவாங்க? காத்து நுழையக் கூடாது, வெயில் எட்டிப் பார்க்கக் கூடாது! நீங்க கொண்டாடுற கலை மனுஷனுக்காகப் பிறந்ததே இல்ல அண்ணே.

ஐஸை இங்கேயே மெஷின்ல செய்ய ஆரம்பிச்சதும் அந்த வியாபாரம் படுத்துருச்சு. வீட்டை வாங்கினவர் வக்கீல் பிலிகிரி ஐயங்கார். சுவரை உடைச்சுச் சன்னல் வச்சார், தாழ்வாரம் கட்டினார், கெர்னன்கிற நீதிபதி பேரால 'காசில் கெர்னன்'னு பேர் வச்சார். முதல் தடவையா அந்த வீட்டுக்குள்ள காத்து வந்துச்சு.

இப்போ உங்க லாட்ஜுக்கு வர்றேன். 1897 பிப்ரவரி 6. எழும்பூர்ல ரயில் நிக்குது. விவேகானந்தர் ஏறின வண்டியில இருந்து பாதி வழியில குதிரைகளை அவுத்துவிட்டுட்டு, ஜனங்களே இழுத்துட்டுப் போனாங்க. எங்கே? இந்த வீட்டுக்கு! எந்த லாட்ஜுக்கு ஊரே வண்டி இழுத்திருக்கு, சொல்லுங்க?

ஒன்பது நாள்தானேன்னீங்க. போகும்போது இந்த ஊர் அவர்கிட்ட, இங்கேயே தங்கி வழிகாட்ட ஒரு துறவியைக் கேட்டு வாங்குச்சு. அவரோட சக சீடர் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் வந்தார். அவர் இருந்தது நாள் கணக்கு இல்ல அண்ணே, வருஷக் கணக்கு. ஒன்பது வருஷம்!

1902-ல ஐயங்கார் காலமாயிட்டார். 1906-ல வீடு ஏலத்துக்கு வருது. இந்த இடத்தை நிதானமாக் கேளுங்க. ஏலம் ஏறுது. வளாகத்துல ஒரு மூலையில பெஞ்சில சுவாமி உட்கார்ந்திருக்கார். சீடர் ஓடி வர்றார்: இவ்வளவு கேட்டுட்டாங்க சாமி. திரும்பிப் போறார். மறுபடி ஓடி வர்றார்: இன்னும் ஏறிடுச்சு சாமி. சீடருக்கு வயித்துல புளி கரைக்குது. சுவாமி தன் குரு ராமகிருஷ்ணருக்கு ஒன்பது வருஷம் பூஜை செஞ்ச வீடு, கண்ணு முன்னாடி கை மாறுது. நீங்களும் நானும்னா என்ன செய்வோம்? யார் காலையாவது போய்ப் பிடிச்சிருப்போம். சுவாமி என்ன சொன்னார் தெரியுமா? யார் வாங்கினா நமக்கென்ன, யார் வித்தா நமக்கென்ன, குருமகராஜுக்கு ஒரு சின்ன அறை கிடைச்சாப் போதும், நான் எங்கேயும் இருந்துக்குவேன்னு சொன்னார்.

இன்னொரு தடவை சொல்றேன். அவர் தனக்குன்னு ஒரு அறை கூடக் கேக்கல. குருவுக்கு ஒரு சின்ன அறை! அவ்வளவு பெரிய முகப்பு, வளைவு, கலசம், எதுவும் அவர் கண்ணுல படல அண்ணே. அப்படி ஒருத்தர் உட்கார்ந்திருந்த மூலை இருக்கே, அதுக்கு எந்த இன்ஜினியர் வரைபடம் போட முடியும்?

அதுக்கப்புறம் அங்கே வந்தவங்களை நினைச்சா எனக்குத் தொண்டை அடைக்குது. சகோதரி சுப்பலட்சுமி. சின்ன வயசுலேயே விதவையானவங்க. 1911-ல பட்டம் வாங்கினவங்க. தன்னை மாதிரி விதவையான பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து இந்த வீட்டுலதான் தங்க வச்சுப் படிக்க வச்சாங்க. கல்யாணம்னா என்னன்னு தெரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோன பிள்ளைங்க. வீட்டுல ஒரு நல்ல காரியம்னா எதிர்ல வராதேன்னு ஒளிச்சு வைக்கப்பட்ட பிள்ளைங்க.

அப்படி ஒரு பிள்ளை இந்த மாடியில நிக்கிறதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஐயங்கார் வச்ச சன்னல். எதிர்ல கடல். கையில பாடப் புத்தகம். சன்னல் வளைவு எப்படி இருக்குன்னா அவகிட்ட கேப்பீங்க அண்ணே? காத்து வருதாம்மான்னு கேப்பீங்க.

வணக்கம்.