மூன்றாண்டுப் பட்டமும் அனுபவக் கடிதமும்

வணக்கம், நேயர்களே.

அமெரிக்காவில் வேலை வழியாகக் கிரீன் கார்டு கோரும் நம்மவர்களின் கோப்புகளோடு பல ஆண்டுகளாகப் புழங்குகிறேன். கோப்பைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது சம்பளத்தை அல்ல, பட்டப்படிப்பு எத்தனை ஆண்டு என்பதைத்தான்.

பி.இ., பி.டெக். படித்தவர்களுக்கு நான்கு ஆண்டு. பெரும்பாலும் சிக்கல் இல்லை. பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களுக்கு மூன்றே ஆண்டு. இந்திய மூன்றாண்டுப் பட்டம் அமெரிக்க இளங்கலைக்கு நிகராகாது என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை 1977-லேயே முடிவெடுத்துவிட்டது. "எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசா கொடுத்தபோது என் பட்டத்தை ஏற்றுக்கொண்டார்களே!" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எச்-1பி விதியில் மூன்று ஆண்டு வேலை அனுபவத்தை ஓராண்டுக் கல்லூரிப் படிப்பாகக் கணக்கிட இடம் உண்டு. கிரீன் கார்டில் உயர்படிப்பு உள்ளவர்களுக்கான இ.பி.-2 பிரிவில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே முதுகலைப் பட்டம் வேண்டும். அல்லது அமெரிக்க இளங்கலைக்கு நிகரான பட்டமும், அதற்குப் பிறகு படிப்படியாகப் பொறுப்பு கூடிய ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும். அனுபவத்தை வைத்துப் பட்டத்தின் குறையை நிரப்ப முடியாது.

மூன்றாண்டுப் பட்டம் மட்டும் உள்ளவருக்கு இ.பி.-3 பிரிவின் திறன்பெற்ற பணியாளர் வழி இருக்கிறது. குறைந்தது இரண்டாண்டுப் பயிற்சியோ அனுபவமோ தேவைப்படும் வேலையாக அது இருக்க வேண்டும். எந்தப் படிப்பை ஏற்பார்கள் என்பதை வேலை தரும் நிறுவனம் 'பெர்ம்' விண்ணப்பத்திலேயே, அதாவது கிரீன் கார்டுக்காகத் தொழிலாளர் துறையின் சான்று கேட்டு அது போடும் விண்ணப்பத்திலேயே, தெளிவாக எழுதியிருக்கவும் வேண்டும். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏனென்றால் எல்லாத் தகுதியும் பெர்ம் விண்ணப்பம் தொழிலாளர் துறையில் பதிவான நாளில் கையில் இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு மாதம் குறைந்தாலும் குறைந்ததுதான். இந்த ஐந்தாண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது? பட்டமளிப்பு விழா தள்ளிப்போய், பட்டச் சான்றிதழ் ஓராண்டு கழித்து வந்தவர்கள் நம்மில் ஏராளம். 2017-ல் ஒரு மேல்முறையீட்டில் இதற்கு நல்ல விடை கிடைத்தது. படிப்புக்கான நிபந்தனைகள் அனைத்தும் முடிந்து, பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் கிடைத்துவிட்டதைக் காட்டினால், தற்காலிகச் சான்றிதழின் தேதியிலிருந்தே அனுபவத்தை எண்ணலாம். ஆகவே பழைய பெட்டியில் மடங்கிக் கிடக்கும் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: உங்களுக்காகக் கிரீன் கார்டு மனுச் செய்யும் அதே நிறுவனத்தில் பெற்ற அனுபவம் பொதுவாகக் கணக்கில் சேராது. அங்கே முன்பு பார்த்த வேலையும் இப்போது மனுவில் உள்ள வேலையும் பாதி நேரத்துக்கு மேல் ஒரே பணியாக இருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். அதனால்தான் ஊரில் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் கடிதம் உயிர்நாடியாகிறது.

அந்தக் கடிதம் எப்படி இருக்கிறது தெரியுமா? "இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்களிடம் பணியாற்றினார். நன்னடத்தை உடையவர். வாழ்த்துகள்." இரண்டு வரியும் ஒரு முத்திரையும். ஏழாண்டு உழைப்பு அதற்குள் காணாமல் போய்விடுகிறது! கடிதம் எழுதுபவரின் பெயர், பதவி, முகவரி வேண்டும். முழுநேர வேலையா, என்னென்ன பணிகள், எந்த மென்பொருள், எந்த இயந்திரம், எத்தனை பேரை மேற்பார்த்தார் என்று விரித்து எழுதியிருக்க வேண்டும்.

நிறுவனம் மூடிவிட்டதா? கூட வேலை பார்த்தவர்களிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் அதனுடன் சேருங்கள். நிறுவனம் இன்னும் நடக்கிறது, உங்கள் பழைய மேலாளரும் அங்கேயே இருக்கிறார் என்றால், இந்த வாரமே அவரிடம் பேசுங்கள். அவர் வேலை மாறிப் போய்விட்டால், நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள் என்று சொல்ல அந்த அலுவலகத்தில் ஆளே இருக்காது.

நன்றி, வணக்கம்.