முடித்தவர்களும் கற்றவர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

பணியாளர்களை ஓர் அறையில் அமர்த்தி, நாள் முழுவதும் வகுப்பெடுத்து, வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கி அனுப்பிய பயிற்சி முறை இன்று பெருமளவு கணினிக்கும் கைப்பேசிக்கும் இடம்பெயர்ந்துவிட்டது. யார் எந்தப் பாடத்தைத் திறந்தார், எவ்வளவு நேரம் செலவிட்டார், இறுதித் தேர்வில் எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பவற்றைக் கற்றல் மென்பொருளே குறித்துக்கொள்கிறது. கையொப்பத்தைவிட இது துல்லியமான பதிவுதான். ஆயினும், ஒலியை அணைத்துவிட்டு அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று அழுத்திக்கொண்டே போனவரின் பெயரும் முடித்தவர் பட்டியலில் ஏறிவிடும்.

பயிற்சியின் பயனை நான்கு படிகளில் அளக்கலாம் என்று அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதினார். பங்கேற்றவரின் கருத்து, அவர் கற்றது, வேலையில் அவர் நடந்துகொள்ளும் முறையில் வந்த மாற்றம், அதனால் நிறுவனத்துக்கு விளைந்த பலன் ஆகியவை அந்தப் படிகள். மென்பொருளுக்கு எளிதில் எட்டுபவை முதல் இரண்டே. மூன்றாவதை அறிய, மேற்பார்வையாளர் சில வாரங்கள் கழித்துப் பணியிடத்துக்கே சென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தொழில்நுட்பத்தின் வலிமை, என் கணிப்பில், நினைவைக் காப்பதில் இருக்கிறது. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை அளந்த ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், கற்றதில் பெரும்பகுதி ஒரே நாளில் நழுவிவிடுவதை 1885இல் வெளியான தம் நூலில் காட்டினார். ரோடிகர், கார்பிக் என்னும் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரத்துக்குப் பின் நடந்த தேர்வில், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். வகுப்பு முடிந்த உடனே வைக்கும் தேர்வு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை இதிலிருந்தே உணரலாம். இன்று ஒரு கேள்வி, சில நாள் கழித்து மற்றொன்று, தவறாகச் சொன்னவருக்கு விரைவிலும் சரியாகச் சொன்னவருக்குத் தாமதமாகவும் மீண்டும் ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கேட்டுக்கொண்டிருப்பது எந்தப் பயிற்றுநராலும் ஆகாத காரியம். கைப்பேசிச் செயலிக்கு அது எளிது.

ஆபத்தான தொழில்களுக்கு சிமுலேட்டர் உதவுவது பழைய செய்தி. எட்வின் லிங்க் தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவியை 1929இல் உருவாக்கினார். பாரந்தூக்கி இயக்குபவரும் அறுவை மருத்துவரும் இன்று அதே வசதியைக் கணினி வழியே பெறுகிறார்கள்.

இவை அனைத்துக்கும் நேரம் வேண்டும். எங்கும் எப்போதும் கற்கலாம் என்ற வசதி, வீட்டுக்குச் சென்ற பின்னும் கற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பாகப் பல இடங்களில் மாறிவருகிறது. கற்கும் நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிட்டு ஊதியம் தரும் ஏற்பாடு இல்லாத இடத்தில், அடுத்த பக்கத்தை அவசரமாக அழுத்துபவரைக் குறைகூற நிர்வாகத்துக்கு உரிமையில்லை.