வழக்கில் வென்றவருக்கு மாதத் தவணை

வணக்கம் நேயர்களே. உலக வர்த்தகத்தில் மானியம், நியாயமான போட்டி என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பருத்திதான். அதிலும் பிரேசில் அமெரிக்கா மீது தொடுத்த வழக்கு.

2001-02 பருவத்தில் உலகச் சந்தையில் பஞ்சு விலை அதலபாதாளத்துக்குப் போனது. கோவைப் பக்கத்து நூற்பாலைக்காரருக்கு அது நல்ல காலம். பயிரிட்டவருக்கோ வயிற்றில் அடி. விலை விழுந்தால் அடுத்த போகம் விதைப்பு குறையவேண்டும். அமெரிக்காவில் அந்தக் கணக்கு பலிக்கவில்லை. சந்தை விலை எவ்வளவு சரிந்தாலும், சட்டம் குறித்த விலைக்கு உள்ள இடைவெளியை அரசு கஜானா நிரப்பியது. போதாததற்கு, அமெரிக்கப் பருத்தியை வாங்கும் உள்நாட்டு ஆலைக்கும் ஏற்றுமதியாளருக்கும் 'ஸ்டெப் 2' என்ற பெயரில் பணம். விளைவித்தவருக்கும் காசு, வாங்கியவருக்கும் காசு!

பிரேசில் 2002இல் உலக வர்த்தக அமைப்பின் படியேறியது. 2004இல் தீர்ப்பு, 2005இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு, இரண்டிலும் வெற்றி. அமெரிக்கா 'ஸ்டெப் 2'வை நிறுத்தியது. மற்றவற்றில் பெரும்பகுதியை விட்டுவைத்தது.

இனிமேல்தான் சுவாரசியம். தோற்றவர் பணியாவிட்டால், வென்றவர் அவர் சரக்கின் மீது கூடுதல் வரி போடலாம். ஆனால் அந்த வரியை முதலில் சுமப்பது உள்ளூர் வாடிக்கையாளர்தானே? ஆகவே பிரேசில், அமெரிக்கர்களின் காப்புரிமையிலும் கைவைக்க அனுமதி கேட்டு, 2009இல் வாங்கியும் விட்டது. 2010 மார்ச்சில் கார், கோதுமை உட்பட 102 பொருள்களின் பட்டியல் வெளியானது. அடுத்தது மருந்துக் காப்புரிமையா என்ற பேச்சு எழுந்ததும் வாஷிங்டன் சமரசத்துக்கு வந்தது.

என்ன சமரசம்? மானியத்தை நிறுத்தவில்லை. பிரேசில் பருத்தித் துறைக்கான நிதிக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர், மாதத் தவணையாக! தன் விவசாயிக்கும் மானியம், புகார் சொன்ன நாட்டுப் பருத்தித் துறைக்கும் பணம். இரண்டும் அமெரிக்க வரிதாரர் தலையில். 2014இல் கடைசியாக 30 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

அதே மானியத்தால் பிரேசிலைவிட மோசமாக அடிபட்டவை ஆப்பிரிக்க நாடுகளான பெனின், புர்கினா ஃபாசோ, மாலி, சாட். 2003 ஜூனில் புர்கினா ஃபாசோ அதிபர் பிளேஸ் கொம்பாவோரே உலக வர்த்தக அமைப்பின் தலைமையகம் உள்ள ஜெனீவாவுக்கே போய், மானியத்தை ஒழியுங்கள் என்று கேட்டார். செப்டம்பரில் அந்த அமைப்பின் கான்கூன் மாநாட்டு வரைவில் வந்த பதில், பருத்தியை நம்பியிருப்பதைக் குறைத்து வேறு தொழில்களைத் தேடுங்கள் என்ற தொனியில் இருந்தது. பெனினும் சாடும் பிரேசில் வழக்கில் மூன்றாம் தரப்பாக நின்றவைதாம். ஆனால் எந்தச் சரக்குக்கு வரி போட்டு அவர்கள் அமெரிக்காவை மிரட்டுவது?

பிரேசிலுக்கு வந்த நிதியை ஆப்பிரிக்கப் பருத்தித் துறைக்கு உதவவும் பயன்படுத்தலாம் என்று உடன்பாட்டில் இடம் விட்டிருந்தார்கள். 'பயன்படுத்தலாம்', அவ்வளவுதான். நன்றி, வணக்கம்.