செவ்வாய்லயும் கரியமில வாயுதானே, அப்புறம் ஏன் குளிருது?

பட்டர்வொர்த்துல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காரு: "வெள்ளியோட காத்துல 96 சதவீதம் கரியமில வாயு, செவ்வாய்லயும் 95. அப்புறம் ஏன் வெள்ளி 464 டிகிரி, செவ்வாய் சராசரி மைனஸ் 60?" சூரியன்ல இருந்து தூரம்னு ஒரே வார்த்தையில முடிச்சிட முடியாதுங்க.

முதல்ல வெயில் கணக்கு. பூமிக்கு வர்றது சதுர மீட்டருக்கு 1361 வாட். உருண்டை முழுக்கப் பரவுறதால நாலால வகுங்க, 340. முப்பது சதவீதம் திரும்பிப் போயிடும், மிச்சம் 240. வெள்ளிக்கு வர்றது 2600, நாலால வகுத்தா 650. ஆனா அங்க கந்தக அமில மேகம் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பிடுது. தங்குறது 160 வாட்டுக்குள்ளதான். நம்மளவிடக் குறைச்சல்!

இப்ப வாயு. சதவீதம் பங்கைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல நிக்கற கரியமில வாயு வெள்ளியில கிட்டத்தட்ட 1000 டன், செவ்வாய்ல 150 கிலோ சொச்சம், பூமியில ஆறேழு கிலோ. கவனிங்க, செவ்வாய்ல நம்மளவிட இருபது மடங்குக்கு மேல! இருந்தும் அங்க அது கூட்டுறது சுமார் 5 டிகிரி. இங்க காத்து மொத்தமா கூட்டுறது 33.

காரணம் ரெண்டு. செவ்வாய்ல அழுத்தம் 6 மில்லிபார், நமக்கு 1013. அழுத்தம் இருந்தா மூலக்கூறுங்க ஓயாம மோதிக்கும், ஒவ்வொண்ணும் உறிஞ்சுற அகச்சிவப்புப் பட்டை (தரையோட வெப்பம் வெளியே போறது இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளியாத்தான்) அகலமாகும். அங்க பட்டை ஒல்லி, நடுவுல இருக்கற இடைவெளி வழியா வெப்பம் நழுவிடுது. ரெண்டாவது, நீராவி. கேஎல்-ல (கோலாலம்பூர்) ராத்திரி 24-க்குக் கீழ இறங்காம புழுங்குறதுக்கு அதுக்கும் பங்கு உண்டு. செவ்வாய்ல அது பேருக்குத்தான்.

அப்ப அழுத்தமே சூட்டை உண்டாக்குதான்னு சிலர் கேப்பாங்க. இல்லைங்க. காத்தடிச்ச சைக்கிள் டயர் கொஞ்ச நேரத்துல ஆறிடும், அழுத்தம் மட்டும் அப்படியே இருக்கும். வெள்ளியில வாயு அடர்த்தியா இருக்கறதால, வெப்பம் விண்வெளிக்குத் தப்பிக்கற மட்டமே கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் உயரத்துல. அங்க மைனஸ் 43. கெந்திங் மலை உச்சியில இருந்து கேஎல்-க்கு இறங்கினா பத்து டிகிரி போலக் கூடுதில்ல? அங்கயும் அதே விதிதான், கிலோமீட்டருக்கு சராசரி 7 டிகிரிக்குக் கொஞ்சம் மேல. எழுபது கிலோமீட்டர் இறங்கிப் பாருங்க, 464 வந்துடும்.

தூரம் மட்டுமே காரணம்னா, சூரியனுக்கு இன்னும் கிட்ட இருக்கற புதன்தான் வெள்ளியவிடச் சுடணும். ஆனா புதனுக்குக் காத்தே இல்லன்னு சொல்லலாம். பகல் 430, ராத்திரி மைனஸ் 180.