பென்னாசூர் ஊதாத விசில்

வணக்கம் மக்களே! டிக்கோயாவில் இருந்து பேசுகிறேன். கிரவுண்டில் மூடுபனி இறங்கிவிட்டது, அந்தப் பக்கத்துக் கோல் கம்பமே தெரியவில்லை. இந்தப் பனியிலும் ரெப்ரிக்கு மட்டும் எல்லாம் தெரிய வேண்டும் என்று கத்துவோம், இல்லையா?

இந்தப் பேச்சு வந்தால் பெரியவர்கள் இழுக்கிற ஆள், துனீசியா ரெப்ரி அலி பென்னாசூர். 1986 ஜூன் 22, மெக்சிகோவின் அஸ்டெகா மைதானம், கால்பந்து உலகக் கிண்ணக் காலிறுதி, அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும். 51ஆவது நிமிடத்தில் இங்கிலாந்து கோல்காப்பாளர் ஷில்டனை முந்தி எம்பிய அர்ஜென்டினாவின் மரடோனா, இடது கையால் பந்தை உள்ளே தட்டிவிட்டார். தான் நின்ற இடத்தில் இருந்து கை தெரியவில்லை என்றார் பென்னாசூர். உடனே பல்கேரிய லைன்ஸ்மன் பொக்டான் டோச்செவைப் பார்த்தார். கொடி எழவில்லை. கோல்!

நல்ல கோணத்தில் நிற்கும் சக நடுவரை நம்புங்கள் என்று பீபாவே சொல்லியிருந்தது, அதைத்தான் செய்தேன் என்பது அவர் பக்கம். ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனால் அப்போது ரெப்ரியோடு கலந்து பேச எங்களுக்கு இடமில்லை என்பது டோச்செவ் பக்கம். எனக்கு டோச்செவ் மேல்தான் கோபம். கொடியைத் தூக்க வாய் எதற்கு? நம் தோட்டத்து மெட்ச்சில் லைனில் நிற்பது எதிர் டீம் பையனாக இருந்தால்கூடச் சில நேரம் தூக்கிவிடுவான்.

சரி, யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். நான்கே நிமிடம் கழித்து, தன் பாதியில் பந்தை எடுத்த மரடோனா இங்கிலாந்துக்காரர்களை வரிசையாகக் கடந்து ஓடுகிறார். தடுக்கவும் தள்ளவும் பார்க்கிறார்கள். பென்னாசூர் விசிலை வாயருகே வைத்துக்கொண்டே பின்னால் ஓடுகிறார், ஊதவில்லை. அட்வான்டேஜ், அதாவது பவுல் நடந்தாலும் பந்து வைத்திருக்கும் அணிக்கு லாபம் என்றால் ஆட்டத்தை ஓடவிடுவது! மரடோனா கோலும் போட்டுவிட்டார். ஒரே ஒரு தடவை அவசரப்பட்டு ஊதியிருந்தால், நூற்றாண்டின் கோல் என்று பெயர் வாங்கிய அந்தக் கோல் வெறும் ஃப்ரீ கிக்காகப் போயிருக்கும். அது சாதாரண ரெப்ரி செய்கிற வேலை இல்லை. ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது கை மட்டும்தான்.

மரடோனா மறக்கவில்லை. 2015இல் துனீசியாவுக்குப் போய் அவரைச் சந்தித்து, கையெழுத்திட்ட ஜேர்சி கொடுத்தார். அந்த மெட்ச் பந்து பென்னாசூரிடமே இருந்தது. 2022 நவம்பரில் ஏலத்தில் 20 லட்சம் பவுணுக்குப் போனது. பாவம் டோச்செவ்!

வீடியோ பார்த்து ரெப்ரியின் தீர்ப்பைச் சரிபார்க்கும் வீஏஆர் உலகக் கிண்ணத்துக்கு வந்தது 2018இல். அன்றே இருந்திருந்தால் கை கோல் போயிருக்கும், ஆட்டமும் வேறு பக்கம் திரும்பியிருக்கும், அந்த இரண்டாவது ஓட்டமும் அநேகமாக நடந்திருக்காது. இரண்டும் வேண்டுமா, இரண்டும் வேண்டாமா? கீழே எழுதுங்கள்.